ஜெராக்ஸ் அக்காவின் நிலைமின்னியல்: பள்ளிக்கரணையில் ஒரு மழைக்காலப் பாடம்!

வேளச்சேரி - தாம்பரம் சாலையிலிருந்து பள்ளிக்கரணைக்குள் பிரியும் தெரு ஒன்றில் இருக்கிறது அந்த ஜெராக்ஸ் கடை. பத்துக்குப் பத்து அறை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் போட ஒரு சின்ன இயந்திரம், கண்ணாடிப் பெட்டிக்குள் பேனா, ஸ்கேல், சார்ட் பேப்பர். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் நோட்ஸ் என்று காலை 9 மணிக்குத் தொடங்கினால் இரவு 9 வரை மெஷினின் பச்சை விளக்கு அணையாது.

கடையை நடத்துபவரை அந்தத் தெருவில் எல்லோரும் 'ஜெராக்ஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 17 வருடங்களாக அதே இடம். கணவர் ஓ.எம்.ஆர் கம்பெனிகளுக்கு இரவில் வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள், பிளஸ் டூ.

அக்டோபர் மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி நனைந்தபடி கடைக்கு வந்தாள். "ஆன்ட்டி, ஃபிசிக்ஸ் பேப்பர்ல என் மார்க்கைக் கூட்டினதுல தப்பு இருக்கு. மிஸ்கிட்ட காட்டணும், ஒரு காப்பி போட்டுக் கொடுங்க" என்று காலாண்டுத் தேர்வின் விடைத்தாளை நீட்டினாள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "பேப்பர் கொடுத்துட்டாங்களா?" என்றார் அக்கா. "போன வாரமே கொடுத்துட்டாங்களே ஆன்ட்டி!"

மகள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அன்றிரவு ஸ்கூல் பேக்கின் அடியில், நான்காக மடித்த நிலையில் அந்த விடைத்தாள் கிடைத்தது. 70-க்கு 11. எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கே 15 வேண்டும். "எனக்கு ஃபிசிக்ஸ் வராதும்மா. பப்ளிக்லயும் போயிடும். பேசாம நான் கடையைப் பார்த்துக்கறேன். நீ எப்படி இருக்க? நல்லாத்தானே இருக்க?" என்று அழுதாள் மகள்.

அக்காவுக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் அவர் 26 வருடங்களாக யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது.

ஒரு கேள்வி, பதில் இல்லாத பொடி

மகள் தடுக்கி விழுந்தது முதல் பாடத்திலேயே. நிலைமின்னியல். ஓடாமல் ஓரிடத்தில் தங்கிக் கிடக்கும் மின்னூட்டத்தைப் பற்றிய பாடம். பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரிவிட்டு, துண்டுக் காகிதத்தின் அருகே கொண்டுபோனால் காகிதம் துள்ளி வந்து ஒட்டுமே, அந்தச் சங்கதி.

அடுத்த நாள் திட்டு விழும் என்று பயந்துகொண்டே மகள் கடைக்கு வந்தாள். அக்கா திட்டவில்லை. மெஷினின் முன்கதவைத் திறந்து, கறுப்புப் பொடி அடைத்த டோனர் குப்பியைக் காட்டினார்.

"இத்தனை வருஷமா இந்தப் பொடியைத்தான் பாப்பா விக்கிறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குப் புரிஞ்சதே இல்ல. இது எப்படி எழுத்து இருக்கிற இடத்துல மட்டும் போய் ஒட்டுது? வெள்ளையில ஏன் ஒட்டல? உன் புஸ்தகத்துல இருக்கா பாரு."

புத்தகத்தில் ஜெராக்ஸ் மெஷின் இல்லை. ஆனால், அதற்கான பதில் முழுக்க இருந்தது. அம்மா கேட்ட கேள்விக்கு மகள் பதில் தேட வேண்டும், அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் கூட்டம் குறைந்ததும் அரை மணி நேரம். இதுதான் ஒப்பந்தம்.

முறுக்குத் தராசு

முதல் நாள் பாடம் கூலூம் விதி. மகளுக்கு அது ஓரளவு தெரியும். பிரான்ஸ் நாட்டு ராணுவப் பொறியாளர் சார்லஸ் அகஸ்டின் டி கூலூம், 1785-ம் ஆண்டில் முறுக்குத் தராசு ஒன்றை வைத்துக் கண்டறிந்த விதி.

"முறுக்கு நிறுக்கிற தராசா?" என்று அக்கா கேட்க, பேனா வாங்க வந்த பையன்கூடச் சிரித்துவிட்டான்.

மெல்லிய வெள்ளிக் கம்பியில் ஒரு குச்சியைக் கிடையாகத் தொங்கவிட்டு, அதன் முனையில் மின்னூட்டம் பெற்ற சின்னப் பந்து ஒன்றை வைத்தார் கூலூம். இன்னொரு பந்தை அருகே கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். கம்பி முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதை அளந்தால் விசை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அவர் கண்டது இதுதான். இரண்டு மின்னூட்டங்களையும் பெருக்கினால் வருவதற்கு ஏற்ப விசை கூடும். இடையே உள்ள தூரம் இரண்டு மடங்கானால் விசை கால் பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஒரே வகை மின்னூட்டங்கள் தள்ளிக்கொள்ளும், எதிரெதிர் வகைகள் இழுத்துக்கொள்ளும்.

இந்த விசை சாதாரணமானதல்ல. ஒரு கூலூம் மின்னூட்டம் கொண்ட இரண்டு புள்ளிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வைக்க முடிந்தால், அவற்றுக்கிடையே 900 கோடி நியூட்டன் விசை இருக்கும். ஒன்பது லட்சம் டன் எடைக்குச் சமம். நம் வீட்டில் அப்படி எதுவும் வெடித்துச் சிதறாததற்குக் காரணம், எல்லாப் பொருளிலும் நேர், எதிர் இரண்டும் சரிசமமாகக் கலந்து கிடப்பதுதான். சீப்பை உரசும்போது அந்தச் சமநிலை துளியூண்டு கெடுகிறது. அந்தத் துளிக்கே காகிதம் துள்ளுகிறது.

"இது எனக்குத் தெரியும்மா. ரெண்டு புள்ளி இருந்தா கணக்கு போட்டுடுவேன். நீளமான கம்பி, பெரிய தகடுன்னு கேட்டாங்கன்னாதான் போச்சு. எந்த இடத்திலேருந்து தூரத்தை அளக்கிறது? கம்பியோட இந்த முனையா, அந்த முனையா, நடுவா?"

நியாயமான கேள்விதான். மகளின் 11 மார்க்குக்கும் 26 வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு வந்த மார்க்குக்கும் காரணம் கிட்டத்தட்ட அதே கேள்விதான் என்பது மகளுக்கு அப்போது தெரியாது.

புள்ளி, இழை, நிரப்பு

பதில் கிடைத்தது வாசலில். காலையில் அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் படியில் உட்கார்ந்து புத்தகத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். ஈரத் தரையில் புள்ளிகள் வைத்து, அவற்றைச் சுற்றி இழை இழுத்து, நடுவில் கலர்ப்பொடி தூவினார் அக்கா.

"ம்மா... இந்த இழையில எத்தனை மாவுத் துகள் இருக்கும்?"

"எண்ணவா முடியும்? ஒரு சாண் இழைக்கு ரெண்டு சிட்டிகை பிடிக்கும். அவ்வளவுதான் தெரியும்."

மகள் புத்தகத்தை மூடினாள். அவளுக்குப் பாதிப் பாடம் அந்த வாக்கியத்தில் இருந்தது.

கோலப்புள்ளி என்பது புள்ளி மின்துகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிடலாம். பல புள்ளிகள் சேர்ந்து ஒரு துகளை இழுத்தால், ஒவ்வொன்றும் மற்றவை இல்லாதது போலத் தன் பங்குக்கு இழுக்கும். எல்லா விசைகளையும் திசையோடு சேர்த்துக் கூட்ட வேண்டும். இதற்குப் பெயர் மேற்பொருந்துதல் தத்துவம். தேர் வடம் பிடிப்பது போல. இடது பக்கம் இருப்பவர் கொஞ்சம் இடப்பக்கமாக இழுப்பார், வலது பக்கம் இருப்பவர் வலப்பக்கமாக இழுப்பார். பக்கவாட்டு இழுப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். முன்பக்க இழுப்பு மட்டும் சேரும், தேர் நேராக நகரும்.

சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவு மின்னூட்டம் வைத்து, சரியாக நடுவில் ஒரு துகளை வைத்தால் அதன்மீது விசையே இருக்காது. நான்கும் நான்கு திசையில் இழுத்துச் சமனாகிவிடும். ஒரு மூலையில் இருப்பதை எடுத்துவிட்டால், நடுத்துகள் அதற்கு நேர் எதிர் மூலையை நோக்கிப் போகும். காலாண்டுத் தேர்வில் மகள் விட்டுவிட்ட இரண்டு மார்க் கேள்வி இது.

கோல இழை என்பது நீள வாக்கில் பரவிய மின்னூட்டம். துகள்களை எண்ண முடியாது. ஆனால், ஒரு சாணுக்கு எவ்வளவு என்று தெரியும். பாடப்புத்தகம் இதை நீள் மின்னூட்ட அடர்த்தி என்கிறது. கலர்ப்பொடி நிரப்பிய இடம், பரப்பில் பரவிய மின்னூட்டம். அங்கே 'ஒரு சாண் சதுரத்துக்கு எவ்வளவு' என்பது கணக்கு.

அப்படியானால் தூரத்தை எங்கிருந்து அளப்பது? ஓரிடத்திலிருந்து அளக்கவே கூடாது. இழையைப் பொடிப்பொடியாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு புள்ளிதான். ஒவ்வொன்றுக்கும் அதனதன் தூரம், அதனதன் திசை. கூலூம் விதியை ஒவ்வொரு துணுக்குக்கும் போட்டு, மொத்தத்தையும் கூட்ட வேண்டும். கணக்குப் புத்தகத்தில் பயமுறுத்தும் 'தொகையிடல்' என்பது இந்தக் கூட்டல்தான். விதி மாறவில்லை, புள்ளிகளின் எண்ணிக்கைதான் பெருகியிருக்கிறது.

"இதை யாராவது இப்படிச் சொல்லியிருந்தா..." என்றார் அக்கா. அதோடு நிறுத்திக்கொண்டார்.

கரோனா கம்பி!

நவம்பரில் மழை வலுத்தது. பள்ளிக்கரணையில் மழை என்றால் சும்மா இல்லை. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றிலிருந்து வழியும் நீர் வந்து சேரும் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிற ஊர். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த, 1,248 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்பு நிலம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மெஷினை டேபிள் மேல் டேபிள் போட்டு ஏற்றி வைத்ததால்தான் தப்பித்தது. வெள்ளம் வராத மழைநாளிலும் காற்றில் ஈரம் ஊறிக்கிடக்கும். காப்பி வெளுத்துப்போய் வரும். அதற்காகவே பேப்பர் வைக்கும் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பார் அக்கா.

அந்த வாரம் பல்புக்கும் மசியவில்லை. காப்பியில் கோடு கோடாக விழுந்தது. சர்வீஸ் தம்பி வந்து மெஷினைப் பிரித்தார். உள்ளே தலைமுடி போல மெல்லிசாக, டிரம்மின் நீளத்துக்கு இழுத்துக்கட்டிய ஒரு கம்பி. அதைப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டே, "கரோனா கம்பியில அழுக்குக்கா" என்றார்.

அக்கா ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "கொரோனாவா?"

"அய்யோ, அந்தக் கொரோனா இல்லக்கா. அது வர்றதுக்கு முன்னாடியிலேருந்தே இதுக்கு இதான் பேரு. கரோனான்னா கிரீடம்னு அர்த்தமாம். இதுல பல ஆயிரம் வோல்ட் ஏறும். சுத்தி இருக்கிற காத்தையே மின்சாரமாக்கி டிரம் மேல தெளிக்கும்."

மகள் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, அப்போ இது இழை. டிரம்மோட மேல்பக்கம் நிரப்பு. டோனர் பொடி... புள்ளி!"

சர்வீஸ் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது.

பாடப்புத்தகத்தில் மூன்று தலைப்புகளாகக் கிடந்தவை ஒரே பெட்டிக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. புள்ளியிலிருந்து விலகினால் விசை எப்படிக் குறைகிறது என்று கூலூம் சொல்லிவிட்டார். தூரம் இரண்டு மடங்கு, விசை கால் பங்கு. நீண்ட கம்பியிலிருந்து விலகினால் என்ன ஆகும்? விசை பாதிதான் குறையும். அகலமான தகட்டிலிருந்து விலகினால்? குறையவே குறையாது!

ஏன்? டார்ச் லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் முன்னால் நின்று டார்ச் அடித்தால் ஒரு வட்டத்தில் வெளிச்சம் விழும். இரண்டு மடங்கு பின்னால் போனால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும். அந்த வட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு துணுக்கின் இழுப்பும் கால் பங்காகக் குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால், இழுக்கும் துணுக்குகள் நான்கு மடங்கு கூடிவிட்டன. நாலுக்கும் காலுக்கும் சரியாகப் போய்விட்டது. கம்பியில் வெளிச்சம் விழும் நீளம் இரண்டு மடங்குதான் கூடும். இரண்டு தடவை கால் பங்கு, ஆக பாதி. தகடு எவ்வளவு அகலமோ, கம்பி எவ்வளவு நீளமோ, அதைவிட மிகக் குறைந்த தூரத்தில் நாம் நிற்கும்வரை இந்தக் கணக்கு செல்லும். வெகுதூரம் போய்விட்டால் தகடும் ஒரு புள்ளியாகத் தெரியும். அப்போது மறுபடியும் கூலூம்தான்.

கம்பியை ஏன் முடி மாதிரி மெல்லிசாக வைத்திருக்கிறார்கள் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கம்பியை நெருங்க நெருங்க விசை ஏறிக்கொண்டே போகும். மெல்லிய கம்பி என்றால் அதன் நடுக்கோட்டுக்கு இன்னும் நெருங்க முடியும். அங்கே விசை அவ்வளவு கடுமையாவதால் காற்றில் உள்ள துகள்களே உடைந்து மின்னூட்டம் பெறுகின்றன. அவை போய் டிரம்மில் படிகின்றன.

பிறகு நடப்பதுதான் அக்கா கேட்ட கேள்விக்கான பதில். டிரம்மின் மேல்பூச்சு இருட்டில் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வெளிச்சம் பட்ட இடத்தில் விட்டுவிடும். மூலத்தாளின் வெள்ளைப் பகுதி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். டிரம்மில் அந்த இடம் காலியாகும். எழுத்து கறுப்பு, அது வெளிச்சத்தைத் திருப்பாது. அங்கே மட்டும் மின்னூட்டம் மிஞ்சும். எதிர் மின்னூட்டம் பெற்ற டோனர் பொடி அங்கே மட்டும் போய் ஒட்டும். பேப்பரின் பின்னாலிருந்து இன்னும் பலமாக இழுத்தால் பொடி பேப்பருக்குத் தாவும். சூட்டில் உருகிப் பதியும். இப்போதைய டிஜிட்டல் மெஷின்களில் லேசர் வந்து எழுதுவதால் காலியாகும் இடமும் மிஞ்சும் இடமும் தலைகீழாகும். விசை அதே விசைதான்.

மழைக்காலக் காப்பி வெளுப்பதற்கும் காரணம் கிடைத்தது. ஈரமான பேப்பர் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்காமல் கசியவிட்டுவிடும். இழுப்பு குறையும். அக்காவின் குண்டு பல்பு ஒன்றும் மூடநம்பிக்கை இல்லை.

மகள் இதைப் பள்ளியில் சொன்னபோது, இயற்பியல் மிஸ் ஒரு கணக்கைக் கொடுத்தார். ஒரு டோனர் துகளின் அகலம் சுமார் எட்டு மைக்ரான். அதில் ஒட்டியிருக்கும் கூடுதல் எலெக்ட்ரான்கள் சில பத்தாயிரம். டிரம்மின் அருகே மீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட் என்ற அளவில் மின்புலம். அப்படியானால் துகளை இழுக்கும் விசை அதன் எடையைப் போல எத்தனை மடங்கு? மகள் போட்ட விடை: சுமார் 2,000 மடங்கு. பொடி ஏன் கீழே கொட்டாமல் தலைகீழாகக்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது போதும்.

20-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் வேண்டாம் என்றன

இந்த மெஷினுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். செஸ்டர் கார்ல்சன். 1906-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். அப்பா நோயாளி. சின்ன வயதிலிருந்தே வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டவர். 17 வயதில் அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். இயற்பியல் படித்து, ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ஆவணங்களுக்கு நகல் எடுப்பதுதான் அங்கே பெரும்பாடு. கையால் எழுத வேண்டும், டைப் அடிக்க வேண்டும், இல்லையென்றால் போட்டோ எடுக்க வேண்டும்.

வீட்டுச் சமையலறையில் கந்தகத்தை உருக்கித் தொடங்கிய சோதனைகள், நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறைக்குப் போயின. உதவிக்கு ஆஸ்திரியாவிலிருந்து வந்த இயற்பியலாளர் ஆட்டோ கோர்னை. 1938 அக்டோபர் 22. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் உரசி மின்னூட்டம் ஏற்றினார்கள். அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்துச் சில விநாடிகள் வெளிச்சம் பாய்ச்சினார்கள். ஒருவகைப் பாசிச்செடியின் வித்துத்தூளைத் தூவி ஊதியபோது, தூள் எழுத்துகளில் மட்டும் நின்றது. மெழுகுத்தாளை அழுத்தி எடுத்தால், அதுதான் உலகின் முதல் ஜெராக்ஸ் காப்பி.

அடுத்த சில ஆண்டுகளில் 20-க்கும் மேற்பட்ட பெரிய நிறுவனங்கள் இந்தக் கண்டுபிடிப்பை வேண்டாம் என்றன. 1944-ல் ஒரு ஆராய்ச்சி நிறுவனமும், அதன்பின் ஹாலாய்டு என்ற சின்னக் கம்பெனியும் கைகொடுத்தன. 'உலர் எழுத்து' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஜெரோகிராபி என்ற பெயர் வந்தது. சாதாரணப் பேப்பரில் நகல் எடுக்கும் 914 என்ற மெஷின் 1959-ல்தான் வெளிவந்தது. முதல் காப்பிக்கும் அதற்கும் இடையே 21 வருடங்கள்.

மகள் இதைப் படித்துக் காட்டிய இரவு, அக்கா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நடுவில் வெளுத்த கறுப்பு

"உனக்கு ஒண்ணு சொல்லணும் பாப்பா. நான் பிளஸ் டூ பாஸ் இல்ல."

1999. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளி. இயற்பியலில் தேர்ச்சிக்குப் பன்னிரண்டு மார்க் குறைவு. அக்டோபரில் திரும்ப எழுதலாம் என்றார்கள். அதற்குள் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாயிற்று. எழுதவில்லை. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் 'பிளஸ் டூ' என்றே சொல்லப்பட்டது. அதுவும் பொய்யில்லை, படித்தது உண்மைதானே. அப்படியே இருந்துவிட்டது. ஊரில் உள்ள எல்லோருடைய மார்க் ஷீட்டுக்கும் காப்பி போட்டுக் கொடுத்தவர், தன்னுடையதை ஒரு முறைகூடக் காப்பி எடுத்ததில்லை.

"'நீ நல்லாத்தானே இருக்க'ன்னு கேட்டியே... நல்லாத்தான் இருக்கேன். ஆனா ஒவ்வொரு மார்ச் மாசமும், பிள்ளைங்க கொஸ்டின் பேப்பர் எடுத்துக்கிட்டு வரும்போது கை ஒரு நிமிஷம் நிக்கும். அது உனக்கு வேணாம்."

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ என்னம்மா புரியல உனக்கு?" என்றாள்.

"அதுவா... நீ கேட்டியே, எங்கேருந்து அளக்கிறதுன்னு. அதேதான்." அக்காவுக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. "முதல்ல வேலை செஞ்ச கடையில ஒரு ஓட்டை மெஷின் இருந்துச்சு. எழுத்தெல்லாம் நல்லா விழும். போட்டோ வெச்சா மட்டும், தலைமுடி ஓரமெல்லாம் கறுப்பா இருக்கும், நடுவுல வெளுத்துப் போயிடும். பொடி தீர்ந்துபோச்சுன்னு நினைச்சு ஊத்திக்கிட்டே இருப்பேன். முதலாளி திட்டுவார். பொடி போட்டாலும் அப்படியேதான் வரும். அது ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

மகள் நோட்டைத் திருப்பி ஒரு படம் வரைந்தாள். டிரம்மின் மேலே ஒரு மின்னூட்டத் தகடு. அதற்குச் சற்றுக் கீழே டிரம்மின் உலோகம். அதில் அதே அளவு எதிர் மின்னூட்டம் தூண்டப்பட்டிருக்கும். பெரிய கறுப்புப் பகுதி என்றால் இரண்டுமே அகலமான தகடுகள் மாதிரி. தகட்டின் விசைதான் தூரம் போனாலும் குறையாதே! மேல் தகடு பொடியை எவ்வளவு இழுக்கிறதோ, கொஞ்சம் தள்ளி இருந்தாலும் கீழ்த் தகடு அதே அளவுக்குத் தள்ளும். நடுவில் இருக்கும் பொடிக்கு மொத்த விசை பூஜ்யம். ஓரத்தில் மட்டும் இந்தச் சமன் கெடும். அதனால்தான் ஓரம் கறுப்பு, நடு வெளுப்பு. எழுத்து என்பது முழுக்கவே ஓரம், அதனால் அது நன்றாக விழும்.

இது ஒரு கடையின் குறை மட்டுமல்ல. ஆரம்பகால ஜெராக்ஸ் மெஷின்கள் எல்லாவற்றுக்குமே இருந்த தலைவலி. பொடி இருக்கும் பக்கத்தில் இன்னோர் உலோகப் பரப்பை நெருக்கமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். எதிர் மின்னூட்டத்தில் ஒரு பங்கு அங்கே வந்துவிட, நடுப்பகுதியிலும் இழுவிசை பிறந்தது. பழைய மெஷின்களில் அந்த அமைப்பு தேய்ந்துபோனால் நோய் திரும்பவும் வரும்.

அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ பொடி மேல தப்பில்ல" என்றார்.

"பொடி மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்லம்மா."

70-க்கு 36

அரையாண்டுத் தேர்வில் மகளுக்கு 70-க்கு 36. ஊரைக் கூட்டிச் சொல்லும் மார்க் இல்லை. மின்னோட்டவியலும் ஒளியியலும் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால், ஐந்து மார்க் பகுதியில் வந்த கேள்வி, முடிவிலா நீளம் கொண்ட மின்னூட்டக் கம்பியால் ஏற்படும் மின்புலம். அதற்கு ஐந்துக்கு ஐந்து. இந்த முறை விடைத்தாள் மடிக்கப்படவில்லை. நேராகக் கடைக்கு வந்தது.

அந்த விசை கடையோடு நிற்பதில்லை என்பதையும் மகள் இப்போது கவனிக்கிறாள். அனல் மின்நிலையப் புகைபோக்கிகளில் சாம்பலைப் பிடிப்பது இதே கம்பியும் தகடும்தான். கம்பி சாம்பலுக்கு மின்னூட்டம் கொடுக்கும், தகடு இழுத்துக்கொள்ளும். இரும்புக் கதவுக்கு அடிக்கும் பவுடர் கோட்டிங்கும் இதேதான். டி.வி திரையில் தூசு படிவதும் இதேதான். "எங்க பார்த்தாலும் ஜெராக்ஸாத்தான் தெரியுதும்மா" என்கிறாள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம், வாசலில் பெரிதாகக் கோலம் போட ஒத்திகை பார்த்துவிட்டு, அக்கா பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் கவரைக் கடைக்கு எடுத்து வந்தார். உள்ளே ஓரம் பழுத்துப்போன மார்க் ஷீட். மெஷினின் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, மூடியை இறக்கி, பச்சைப் பொத்தானை அழுத்தினார். வெதுவெதுப்பாக வெளியே வந்த காப்பியை மகள் எடுத்துப் பார்த்தாள். இயற்பியலுக்கு நேரே இருந்த எண் தெளிவாக விழுந்திருந்தது.

"ரெண்டு காப்பி போடும்மா" என்றாள் மகள். "தனித்தேர்வரா எழுத என்னென்ன வேணும்னு மிஸ்கிட்ட கேட்டுட்டு வரேன். அவங்களுக்கு ஒண்ணு கொடுக்கணும்."

அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு முறை பொத்தானை அழுத்தினார். அதற்குள் ஆதார் கார்டோடு ஒருவர் வந்து நின்றார்.

"அக்கா, ரெண்டு பக்கமும் ஒரே பேப்பர்ல வர்ற மாதிரி போட்டுடுங்க."